கேள்வி பதில்: இரண்டரை மடங்கு செலவா?

கேள்வி: கிராமத்துக் குடும்பங்களின் செலவு பத்துப் பதினோரு வருஷத்தில் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது என்கிறார்களே, நம்பலாமா? (வாசகர், திருவாரூர்)

பதில்: பாதி நம்பலாம். மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், இந்தியக் கிராமங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு 2011-12ல் 1,430 ரூபாய், 2022-23ல் 3,773. சரி, விலைவாசியைக் கழித்துவிட்டுப் பழைய விலையிலேயே போட்டுப் பார்த்தால் அது 2,008 தான், அதாவது உண்மையான ஏற்றம் 40 சதவீதம்.

எனக்கு இதைவிடச் சுவாரஸ்யம், காசு எதற்குப் போகிறது என்பதுதான். அரிசி, கோதுமை வகைக்கு முன்பு செலவில் கிட்டத்தட்ட 11 சதவீதம் போனது, இப்போது 5க்கும் கீழே. ரேஷன் அரிசி கிடைப்பதும் ஒரு காரணம். பாக்கெட் தின்பண்டம், பானம், கடைச் சாப்பாடு மட்டும் 10 சதவீதத்தை நெருங்குகிறது. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் சரஞ்சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் சிப்ஸ், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட அரை மணி நேரத்தில் காலி. அப்புறம் செல்போன் ரீசார்ஜ், பெட்ரோல். அதையெல்லாம் வசதி என்பதா, தவிர்க்க முடியாத செலவு என்பதா, உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.