உறையில் இருப்பது எவ்வளவு?

வணக்கம் ஐயா. எங்கள் மந்தைவெளித் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சிக்கு முதல் போன் அவருடையதுதான். மாதாமாதம் தன் பென்ஷனில் வீட்டுக் கூடத்தில் இளம் பாடகர்களை அழைத்துக் கச்சேரியும் நடத்துகிறார். "அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை கட்டலாமே" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்னது தப்பா? சங்கீத சபாக்களிலேயே கேண்டீனுக்குத்தானே கூட்டம்?

அன்புள்ள நண்பருக்கு,

கேண்டீன் பேச்சை விடுங்கள். மார்கழிக் கச்சேரி சீசன் வந்தால் யாராவது ஒருவர் சொல்வதுதான். கழிவறை கட்ட நாம் வரி கட்டுகிறோம். கட்டவில்லையே என்று சண்டை போடுவதும் அந்த அம்மாள்தான். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு நீங்கள் எத்தனை முறை போன் போட்டிருக்கிறீர்கள்? தன் பென்ஷனை எடுத்துச் செலவழிப்பவரிடம் போய்க் கணக்குக் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

கொஞ்ச நாளாகவே பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மைசூர்ச் சீமையில் பிறந்து, சென்னையில் குடியேறிப் பாடிப் பேர் வாங்கியவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று தெரிந்ததும், பாடிச் சம்பாதித்த பணத்தைக் கொட்டி இடத்தை வாங்கிக் கோயில் எழுப்பினார். 1925-இல் கும்பாபிஷேகம். ஆனால் தியாகராஜர் நினைவாக ஆண்டுதோறும் அங்கே நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். கட்டியவளுக்கே அங்கே பாட இடமில்லை! 1927-இல் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். தான் கொடுத்த பணத்தால் யார் பாட முடிகிறது, யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்த்தாரே, புரவலர் என்றால் எனக்கு அவர்தான்.

இன்று பணம் கொடுப்பவர்கள் பேனரில் பெயர் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பக்கவாத்தியக்காரருக்கு என்ன போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பகல் ஸ்லாட்டில் வாசிக்கும் பையன் தாம்பரத்திலிருந்து மிருதங்கத்தோடு ஆட்டோவில் வருகிறான். மிருதங்கத்தின் தோல் மூட்டு மாற்ற வேண்டும், வார் பிடிக்க வேண்டும், எல்லாம் அவன் கைக்காசு. அவனுக்கு ஒரு பொன்னாடை. வயலின் வாசித்த பெண்ணுக்கு இன்னொரு பொன்னாடை. தம்புரா போட்டவருக்கு அதுவும் இல்லை. பாடவரும் பிள்ளையிடமே "ஸ்பான்சர் பிடித்து வா" என்கிற இடங்களும் உண்டு. பொன்னாடையைக் கொடுத்தால் ஆட்டோக்காரர் இறக்கிவிடுவாரா?

திருவல்லிக்கேணியில் எங்கள் எதிர்வீட்டு மாமி வெள்ளிக்கிழமைகளில் கச்சேரி வைப்பார். மைக் கிடையாது, ஜமக்காளம்தான். சுருதி சேர்ப்பதற்கு முன்பே தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு ஆளுக்கொரு உறை வந்துவிடும். தம்புரா மீட்டும் பெண்ணுக்கும் உண்டு. ஏன் முன்னாலேயே என்று என் அம்மா கேட்டாள். "மங்களம் பாடினப்புறம் கொடுத்தா, அத்தனை பேர் நடுவுல அவா கையேந்தி நிக்கற மாதிரி ஆயிடும்டி" என்றார் மாமி. ஊர்ப்பட்ட சபாக் காரியதரிசிகளைப் பார்த்துவிட்டேன், இந்த இங்கிதத்தை வேறெங்கும் காணவில்லை.

உங்கள் ஆசிரியை வீட்டுக்கு அடுத்த கச்சேரிக்குப் போங்கள். வாசலில் நின்று எட்டிப் பார்க்காமல் உள்ளே உட்காருங்கள், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்துவிடாதீர்கள். முடிந்ததும் அவரிடம், பக்கவாத்தியத்துக்கும் தம்புராவுக்கும் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். குறைவாக இருந்தால் மீதியை நீங்கள் போடுங்கள். போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.