லியோவில் வைத்திருக்கும் நிரலை வேறு எடிட்டரில் திருத்தினால், திருத்தம் அவுட்லைனுக்குள் திரும்ப வருமா?

வரும். (லியோ என்பது நிரலை நோடு என்கிற துண்டுகளாகப் பிரித்து, அவுட்லைன் என்கிற மர அடுக்கில் வைத்துக்கொள்ளும் எடிட்டர்.) ஆனால் கோப்பின் தலை நோடில் @ஃபைல் (@file) என்று போட்டிருக்கிறீர்களா, @க்ளீனா (@clean), @ஆட்டோவா (@auto) என்பதைப் பொறுத்து வருகிற விதம் மாறும். இதில் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

எங்களுக்கு மன்னார்குடி பக்கம். மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று எதில் எத்தனை கன அடி விடுகிறார்கள் என்பதை நாலு வரியில் சுருக்கி ஊர் வாட்ஸப் குழுவுக்கு அனுப்ப ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். ஆற்றுக்கு ஒரு நோடு, எல்லாம் @ஃபைலில். இந்த முறையில் லியோ ஒவ்வொரு நோடும் எங்கே தொடங்குகிறது என்பதைக் கோப்புக்குள்ளேயே சென்டினல் என்கிற விசேஷ கமென்ட் வரிகளாக எழுதி வைக்கும். அவற்றைத் தொடாமல் இடையில் திருத்தினால் மாற்றம் சரியான நோடில் போய் உட்கார்ந்துவிடும். ஒரத்தநாட்டில் இருக்கும் என் அத்தை மகன் கல்லணைக் கால்வாய்ப் பகுதியை விஎஸ் கோடில் திருத்திவிட்டு, "மச்சான், உள்ள ஏதோ குப்பை கமென்ட்டா கெடந்துச்சு, எல்லாத்தையும் தூக்கிட்டேன்" என்றான். அவன் மேல் தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் லியோவால் அந்தக் கோப்பைப் படிக்கவே முடியவில்லை. மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் கருவியில் பழைய பிரதி இருந்ததால் தப்பித்தேன்.

அப்புறம் @க்ளீனுக்கு மாறினேன். நீங்களும் மற்றவர்களோடு சேர்ந்து எழுதுவதாக இருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கோப்பில், அதாவது டிஸ்கில் இருக்கும் நிரல் கோப்பில், சென்டினலே இருக்காது. கோப்பைப் படிக்கும்போது, தன்னிடம் இருக்கும் அவுட்லைனை எழுதினால் எப்படி வருமோ அதை வெளிக்கோப்போடு வரிவரியாக ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் அந்தந்த நோடில் சேர்க்கும். ஒரே சிக்கல் எல்லையில். வெண்ணாறு நோடு முடிந்து கொள்ளிடம் நோடு தொடங்கும் இடத்தில் யாராவது புதிதாகப் பத்து வரி சேர்த்தால் அது யாருடையது? வரப்பில் முளைத்த தென்னை மாதிரிதான், லியோ ஏதோ ஒரு பக்கம் சேர்த்துவிடும். கோப்பின் உள்ளடக்கம் கெடாது. நீங்கள் ஒருமுறை சரியான நோடுக்கு நகர்த்திச் சேமித்துவிட்டால் அடுத்த முறை அங்கேயே இருக்கும். வெளியில் புது ஃபங்ஷன் எழுதினால் அதற்குத் தனி நோடும் தானாக வராது, பக்கத்து நோடுக்குள் உரையாகத்தான் வந்து விழும், நாம்தான் பிரிக்க வேண்டும்.

@ஆட்டோ ஒவ்வொரு முறையும் கோப்பை அலசி கிளாஸ், ஃபங்ஷன் வாரியாக நோடுகளைப் புதிதாகக் கட்டும். அடுத்தவர் நிரலைப் படித்துப் பார்க்க நல்லது. நாமாகப் பார்த்துப் பார்த்து அடுக்கிய வரிசைக்கு அது சரிப்படாது.

லியோ திறந்திருக்கும்போதே வெளியில் கோப்பு மாறினால், அந்த நோடில் நின்று ரெஃப்ரெஷ் ஃப்ரம் டிஸ்க் கட்டளையைக் கொடுங்கள். அதற்கு முன் லியோவில் சேமிக்காத திருத்தம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தக் கட்டளைக்கு டிஸ்கில் இருப்பதுதான் உண்மை. மாறாக, வெளியில் மாறியது தெரியாமல் நீங்கள் சேமிக்கப் போனால், கோப்பு வெளியில் மாறியிருக்கிறது, மேலே எழுதட்டுமா என்று லியோ கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிடாதீர்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற அன்றைக்கு நான் அழுத்தினேன், அத்தை மகன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியது ஒரு நொடியில் போனது. கிட்டில் அவன் இன்னும் ஏற்றியிருக்கவில்லை.

இன்னொன்று, @க்ளீனில் அவுட்லைன் அமைப்பு முழுவதும் .leo என்று முடியும் லியோவின் சொந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் நிரல் மிஞ்சும், நோடுகள் மிஞ்சாது. அதனால் அதையும் கிட்டில் சேர்த்துவிடுங்கள்.