கல்யாண கேசட்டில் முகம் உப்பித் தெரிவது ஏன்? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் மணிவிழாவுக்காகப் பெற்றோரின் கல்யாண கேசட்டையும் ஆல்பம் போட்டோக்களையும் சேர்த்து பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு வீடியோ செய்கிறேன். கேசட்டைக் கடையில் கொடுத்து ஃபைலாக மாற்றி வாங்கினேன். எல்லார் முகமும் உப்பித் தெரிகிறது. ஸ்கேன் செய்த போட்டோக்களில் தலை வெட்டுப்படுகிறது, ஜூம் செய்தால் மங்கிவிடுகிறது. என் தாத்தா நடமாடுவதைப் பார்க்க இந்த ஒரு கேசட்தான் இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

ச.கோ.

அன்புள்ள ச.கோ.,

அந்தக் காலத்து டிவியின் அகல-உயர விகிதம் 4:3. நீங்கள் படங்களைக் கோக்கும் டைம்லைன் 16:9. 1080 பிக்சல் (படத்தின் புள்ளி) உயரத்தில் 4:3 படத்துக்குரிய அகலம் 1440தான். அதை 1920 வரை இழுத்தால் முகத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தாத்தாவை அவர் இருந்தபடியே காட்ட வேண்டும், அதனால் இதைக் கண்திட்டத்தில் சரிசெய்யாதீர்கள்.

முதலில் கிளிப்பின் பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். 1920 x 1080 என்றிருந்தால் கடையிலேயே இழுத்துவிட்டார்கள். எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் யூனிஃபார்ம் ஸ்கேல் டிக்கை எடுத்துவிட்டு அகலத்துக்கு மட்டும் 75 கொடுங்கள், உயரம் 100லேயே இருக்கட்டும். மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் நேராகத் தெரியும் இடம் ஏதாவது இருந்தால் அங்கே நிறுத்திப் பாருங்கள். வட்டமாக இருந்தால் சரி.

720 x 576 என்றிருந்தால் ஸ்கேலில் அகலத்தை மட்டும் மாற்ற வேண்டாம். நம் ஊர் கேசட்டுகள் ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் பதிந்தவை. அப்படி மாற்றிய ஃபைலில் பிக்சல்கள் சதுரமாக இருக்காது. கிளிப்பை ரைட் கிளிக் செய்து, மாடிஃபை, இன்டர்பிரட் ஃபுட்டேஜ் போய், பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோவில் பால் 1.0940ஐத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே 1.4587 இருக்கும். அது அகலத்திரைக்கானது, அதை எடுத்தால் மறுபடி உப்பும்.

இரு பக்கமும் வரும் கறுப்பை அப்படியே விடுங்கள். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் ஓடவிடுவது எனக்குப் பிடிப்பதே இல்லை, பார்ப்பவர் கண் அங்கே போய்விடும்.

அப்புறம் போட்டோ. 6 x 4 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்தால் 3600 x 2400 பிக்சல். முழுப் படமும் தெரிய ஸ்கேல் 45 போதும். திரையை நிரப்பத்தான் வேண்டுமென்றால் 53.4 வையுங்கள். மேலே 100, கீழே 100 பிக்சல் வெட்டுப்படும், தலை போவது அதனால்தான். பொசிஷனில் இரண்டாவது எண்ணை 540இலிருந்து 640 ஆக்குங்கள். படம் கீழே இறங்கி, வெட்டு முழுவதும் கால் பக்கம் போய்விடும்.

ஜூமில் மங்குவதற்கு ‘ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்’ காரணமாக இருக்கலாம். அது படத்தை முதலிலேயே டைம்லைன் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. நீங்கள் பெரிதாக்குவது அந்தச் சுருங்கிய படத்தைத்தான். இவ்வளவு பெரிய போட்டோ திரைக்குள் அடங்கியும் ஸ்கேல் 100 என்று காட்டினால் இதுதான் நடந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு ‘செட் டு ஃபிரேம் சைஸ்’ கொடுங்கள். ஸ்கேல் 45 என்று மாறும், அங்கிருந்து 100 வரை மங்காமல் ஜூம் செய்யலாம். பிரிஃபரன்ஸஸில் மீடியா பகுதியிலும் இதையே வைத்துவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே டைம்லைனில் போட்டவற்றை இது மாற்றாது, அவற்றை நீங்கள்தான் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும்.