பூஜையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்

போன இதழில் ராஜஸ்தான் சிற்றோவியங்களையும், இமயமலை அடிவார ராஜ்யங்களின் பஹாடி சிற்றோவியங்களையும் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படம் வரையச் சொல்லிக்கொடுத்தே முப்பது வருஷம் கழித்தவளுக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன?

கேள்வி: வடநாட்டு யாத்திரை போனபோது பழைய ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதி வாங்கினேன். குளத்து நடுவில் சின்ன மண்டபம், அதில் சிவலிங்கம், முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் பூஜை செய்கிறாள். மேலே மஞ்சள் பட்டையில் தேவநாகரி எழுத்து. இவள் பார்வதிதானே? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அவள் கையைப் பாருங்கள். கைத்தாளம் இருக்கிறதா? இருந்தால் அநேகமாக அவள் பார்வதி இல்லை, ஒரு ராகம். பைரவி ராகினி.

ராகங்களை ஆணாகவும் பெண்ணாகவும் கற்பனை செய்து வரைந்த வரிசைக்கு ராகமாலை என்று பெயர். ஆறு ராகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ராகினிகள், ஆக 36 படங்கள் என்பது பரவலான கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தியான சுலோகம் உண்டு. பைரவிக்கு உள்ளதன் கருத்து இது: கயிலாயச் சிகரத்தில் பளிங்குப் பீடம், மலர்ந்த தாமரை இதழ்களால் மகேசனை அர்ச்சிக்கிறாள், கையில் தாளம், நீண்ட கண்கள். மஞ்சள் பட்டையில் பெரும்பாலும் இந்த மாதிரிப் பாட்டோ ராகத்தின் பெயரோதான் இருக்கும். தேவநாகரி படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த பைரவி நம் கர்நாடக சங்கீதத்தில் 'விரிபோணி' வர்ணம் பாடுகிற பைரவி அல்ல. இந்துஸ்தானி பைரவியின் ஸ்வரங்கள் நம் தோடிக்குப் பக்கத்தில் வரும். ராகமாலையில் கம்பாவதி என்று இன்னொருத்தியும் இருக்கிறாள். அவள் நான்முகப் பிரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். பிரம்மாவுக்குக் கோயிலே அபூர்வம், அங்கே ஒரு ராகம் அவரைப் பூஜிக்கிறது! அந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது ரொம்ப நேரம் நகர மனமில்லாமல் நின்றேன்.

கேள்வி: எங்கள் வீட்டுத் தஞ்சாவூர் படத்தில் கிருஷ்ணர் நேராக நம்மைப் பார்க்கிறார். இந்தப் படங்களில் சாமியும் சிறிது, பக்தரும் திரும்பி நிற்கிறார். கும்பிடவே தோன்றவில்லை. ஏன் இப்படி? (வாசகர், மதுரை)

பதில்: தோன்றாதது சரிதான். கும்பிடுவதற்காக வரைந்தவை அல்ல அவை.

தஞ்சாவூர் படம் பலகையில் ஒட்டிய துணிமேல் எழுதுவது. சுண்ணக் கலவையால் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, பூஜை அறைச் சுவருக்கென்றே செய்வது. விளக்கு வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே சாமி தெரிய வேண்டும். சிற்றோவியம் காகிதத்தில் எழுதியது. மடியில், கையில் வைத்துப் பார்ப்பது. பஹாடி ராஜ்யங்களில் ஒன்றான பசோலியின் ஓவியர்கள் நகைகளில் மரகதம் வரும் இடத்தில் பச்சை வண்டின் இறக்கையைத் துணுக்காக வெட்டி ஒட்டினார்கள். தாளை லேசாகச் சாய்த்தால்தான் அது மின்னும். சுவரில் சட்டம் போட்டு மாட்டினால் அந்த மின்னல் தெரியாது.

பக்கத்தில் திரும்பிய முகத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் அப்பாவோடு ஆண்கள் வரிசையில் நிற்பேன், எதிர் வரிசையில் அம்மா. நடுவில் சன்னதிக்கு வழி விட்டிருக்கும். தீபாராதனை காட்டும்போது எல்லாரும் உள்ளே பார்ப்பார்கள், நான் அம்மாவைப் பார்ப்பேன். கற்பூர வெளிச்சம் அவள் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் விழும். உதடு அசையும். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. பிற்பாடு பைரவி படம் ஒன்றைப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். லிங்கத்தையும் மண்டபத்தையும் இரண்டு நாளில் முடித்துவிட்டேன். அந்தப் பெண்ணின் கண்ணுக்கும் உதட்டுக்கும் மட்டும் மூன்று வாரம் ஆனது. அப்போதுதான் புரிந்தது, இந்த ஓவியர் நின்ற இடம் நான் நின்ற அந்த எதிர் வரிசை. நமக்கு அவர் காட்டுவது சாமியை அல்ல, சாமியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு முகத்தை.

நாதத்வாரா படங்கள் இதற்கு விலக்கு. ஸ்ரீநாத்ஜி என்ற கிருஷ்ண விக்கிரகம் 1672இல் ராஜஸ்தானின் மேவாருக்கு வந்து சேர்ந்த தலம் அது. இடது கை தூக்கிய கரிய கிருஷ்ணர் நேராக நம்மைப் பார்ப்பார். ஆரத்தி எடுக்கும் கோஸ்வாமி, அதாவது கோயில் குரு, மட்டும் பக்கவாட்டில் இருப்பார். உங்களுக்குக் கும்பிடத்தான் வேண்டும் என்றால் அந்தப் படம் வாங்குங்கள்.

கேள்வி: ராமாயணப் படங்களை முஸ்லிம் ஓவியர்கள் வரைந்தார்கள் என்பது உண்மையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: உண்மை. மேவாரில் சாகிப்தீன் வரைந்த யுத்த காண்டம் 1652ஆம் வருஷத்தது, இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவருக்கு முன்னால், 1605இல், அதே மேவாரின் சாவண்டில் ராகமாலை வரைந்தவர் நசிருத்தீன்.

கேள்வி: ராஜா சொன்னார், வரைந்தார்கள், அவ்வளவுதானே? ஓவியருக்கு உள்ளே பக்தி இருந்ததா என்று எப்படிச் சொல்வது? (வாசகி, கோவை)

பதில்: எல்லாருக்கும் சேர்த்து என்னால் சொல்ல முடியாது. நைன்சுக் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பஹாடி ராஜ்யமான குலேரைச் சேர்ந்த ஓவியர், தச்சர் மரபு. அப்பா பண்டித் சேவு, அண்ணன் மானக்கு, இருவரும் ஓவியர்கள். மானக்குவின் 1730ஆம் வருஷத்து கீதகோவிந்த ஏடுகளைச் சண்டிகர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நைன்சுக் ஜஸ்ரோட்டா என்ற இன்னொரு பஹாடி ராஜ்யத்தின் ராஜா பல்வந்த் சிங்கிடம் பல வருஷம் இருந்தார். ராஜா தாடி திருத்திக்கொள்வது, கூடாரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுவது என்று எல்லாவற்றையும் வரைந்தார். ராதையும் கிருஷ்ணனும் அந்த ராஜாவுக்குத் தரிசனம் தருகிற படமும் அவர் கைவண்ணம் என்றே சொல்கிறார்கள்.

1763இல் பல்வந்த் சிங் இறந்துபோனார். அஸ்தியோடு நைன்சுக் ஹரித்வார் போனார். அங்கே பண்டாக்கள், அதாவது தீர்த்தப் புரோகிதர்கள், வருகிறவர்களின் குலம், ஊர் எல்லாம் பேரேட்டில் பதிந்து வைப்பார்கள். கலை வரலாற்றாசிரியர் பி.என். கோஸ்வாமி அந்தப் பேரேடுகளைப் புரட்டித்தான் இந்தக் குடும்பத்தின் கதையையே மீட்டெடுத்தார். நைன்சுக் தன் வம்சத்தைத் தன் கையாலேயே அதில் எழுதியிருக்கிறார். எழுதியதோடு நிற்காமல், யாரும் கேட்காத ஒரு படத்தையும் அந்தப் பேரேட்டில் போட்டுவைத்திருக்கிறார். அப்போது கூலி கொடுக்க ராஜா இல்லை.