தழும்பை அழிக்க முடியாது, மடங்கிய கையை நீட்டலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"என் மகளுக்கு வயது 23. எட்டு வயதில் கொதிக்கும் எண்ணெய் கவிழ்ந்து வலது கை வெந்துவிட்டது. முழங்கையின் உட்புறம் தோல் கயிறு போல் இழுத்துக்கொண்டு, கை முழுவதுமாக நீள்வதில்லை. முன்கையில் கருத்து மேடான தழும்பு. வரும் தை மாதம் திருமணம், இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. டவுனில் உள்ள அழகு நிலையத்தில், மூன்று தடவை ஊசியும் லேசரும் போட்டால் தழும்பு போய்விடும் என்கிறார்கள். தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் போனால் மலிவாகப் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொள்ளலாம் என்கிறார் என் கொழுந்தனார். தொடையிலிருந்து தோல் எடுத்தால் அங்கேயும் தழும்பு வருமே என்று பயமாக இருக்கிறது. சின்ன வயதில் காது குத்தியபோது மடலின் பின்னால் பாக்களவுக்கு ஒரு கட்டி வந்து, இன்றும் அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம், டாக்டர்?"

சகோதரி, போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காதுக் கட்டிதான் என் கண்ணில் முதலில் பட்டது. அது கீலாய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். காயம் ஆறிய பிறகும் உடல் தழும்புத் திசுவை உண்டாக்கிக்கொண்டே போவதால், காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும் தழும்பு அது. கருத்த தோலில் கூடுதலாக வரும். காது மடல், நெஞ்சின் நடுப்பகுதி, தோள் ஆகியவை அது அதிகம் வரும் இடங்கள். வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும், சில வேளைகளில் முன்பைவிடப் பெரிதாகவே. உங்கள் மகளின் தோல் எப்படித் தழும்பு போடும் என்பதற்கு அந்தக் காது ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டது. எந்த மருத்துவரிடம் போனாலும் கையைக் காட்டுவதற்கு முன் காதைக் காட்டச் சொல்லுங்கள். இதனால் கைக்கு அறுவை சிகிச்சையே கூடாது என்று ஆகிவிடாது. தழும்பை மட்டுப்படுத்தும் சிகிச்சைகளையும் தொடக்கத்திலேயே சேர்த்துத் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி கைக்கு வருவோம். இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். கை நீளுமா என்பது ஒன்று, தோல் பழையபடி ஆகுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் ஆம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு உலகத்தில் யாரிடமும் ஆம் என்ற பதில் கிடையாது. கத்தி பட்ட இடத்தில் தழும்பு வரத்தான் செய்யும். எங்கள் தொழிலில் செய்வதெல்லாம், தொல்லை தரும் தழும்பை எடுத்துவிட்டு, தொல்லை குறைந்த தழும்பை நல்ல திசையில் அமைப்பதுதான்.

ஒன்று செய்து பாருங்கள். மகளின் கையை மேசைமேல் முடிந்த மட்டும் நீட்டி வைக்கச் சொல்லி, அந்தக் கயிற்றின் இரு புறமும் உள்ள தோலை மெல்லக் கிள்ளுங்கள். தோல் மெத்தென்று எழும்பி வந்தால் அதிர்ஷ்டம். பக்கத்தில் நல்ல தோல் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் 'இசட்' எழுத்து வடிவில் கீறி, இரண்டு முக்கோணத் தோல் மடல்களை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக மாற்றித் தைப்போம். இதற்கு இசட்-பிளாஸ்டி என்று பெயர். கோணம் 60 பாகையாக இருந்தால், கணக்கின்படி அந்தக் கோட்டின் நீளம் 75 விழுக்காடு கூடும். தழும்பேறிய தோலில் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் இழுப்பு விடும், நேர்க்கோடாக இருந்த தழும்பும் உடைந்து வளைந்துவிடும். தொடையைத் தொடவே வேண்டியதில்லை.

கிள்ளினால் எழும்பாமல், அகலமான தகடு போல் இறுகிக் கிடந்தால் அது வேறு கதை. அங்கே தழும்பைக் குறுக்கே வெட்டி இழுப்பை விடுவித்ததும், முழங்கையின் மடிப்பில் பெரிய வெற்றிடம் ஒன்று திறந்துகொள்ளும். அதை மூடத்தான் தோல் ஒட்டு. தொடையிலிருந்து மெல்லிய சீவல் எடுத்தால் அதிக அளவில் கிடைக்கும், ஆனால் ஒட்டிய பின் அது சுருங்கப் பார்க்கும். இடுப்பு மடிப்பிலிருந்து முழுத் தடிமனாக எடுக்கும் தோல் பிற்பாடு குறைவாகவே சுருங்கும், பார்வைக்கும் நன்றாக இருக்கும், ஆனால் அங்கே எடுக்கக்கூடிய அளவு கொஞ்சம்தான். நரம்போ தசைநாரோ வெளியே தெரியும்படி ஆழமாகிவிட்டால், ரத்த ஓட்டத்தோடு கூடிய தோல் மடலைக் கொண்டுவந்து மூட வேண்டிவரும்.

தோல் ஒட்டு உயிர் பிடிப்பதைப் புரிந்துகொள்ள, பால்மரக் (ரப்பர்) கன்றுக்கு ஒட்டுக் கட்டிய பழையவர்கள் யாராவது உங்கள் தோட்டத்தில் இருந்தால் கேளுங்கள். அசைந்தால் பிடிக்காது என்பார்கள். இங்கேயும் அதேதான். முதல் இரண்டு நாள் அந்தத் தோல் அடியில் கசியும் நீரைக் குடித்தே உயிர் வாழும், அதன் பிறகுதான் ரத்தக் குழாய்கள் இணையத் தொடங்கும். அதற்குள் அடியில் ரத்தம் தேங்கினாலோ, கை அசைந்தாலோ, சீழ் வைத்தாலோ அந்தத் துண்டு கறுத்துப் போகும். அதனால்தான் பஞ்சை வைத்து அழுத்திக் கட்டி, பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில் பிரித்துப் பார்ப்போம். பார்க்க வருகிறவர்கள் ஆசையாகக் கையைத் தூக்கிப் பார்க்காமல் இருந்தால் பெரிய உதவி.

தொடையைப் பற்றிய பயம் நியாயமானது. சீவல் எடுத்த இடத்தில் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் மிஞ்சியிருக்கும் செல்கள் வளர்ந்து, சுமார் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். அந்த நாட்களில் கையைவிடத் தொடைதான் அதிகம் எரியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நிற வேறுபாடு நிரந்தரமாகத் தங்கலாம். கீலாய்டு உடம்பு என்பதால் அங்கே தடிப்பும் வரலாம். தொடையின் மேல் பகுதியில், உடை மறைக்கும் இடத்தில் எடுக்கும்படி கேட்பதில் தவறே இல்லை. ஒட்டிய தோலும் நம் நிறத்தவர்களுக்குச் சுற்றியுள்ள தோலைவிடக் கருப்பாகவே நிற்பது வழக்கம். அதை வெளுக்க வைக்கக் கண்ட கண்ட களிம்புகளைத் தடவ வேண்டாம். பாதரசம் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு தடை செய்யும் களிம்புகளில் பல, வெள்ளையாக்கும் களிம்புகள்தாம்.

அறுவை முடிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தழும்பு முதிர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அத்தனை நாளும் அது முழங்கையைத் திரும்ப மடக்கவே பார்க்கும். ஆகவே கையை நீட்டிய நிலையில் பிடித்திருக்கும் ஸ்பிளின்ட்டை இரவு தோறும் பல மாதங்களுக்குக் கட்ட வேண்டும், பகலில் பயிற்சி செய்ய வேண்டும். கையில் மாட்டும், அழுத்தம் தரும் இறுக்கமான துணி உறையை, குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க அணியச் சொல்வார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஒரு தண்டனைதான், மறுக்கவில்லை. மேடான தழும்புக்கு சிலிக்கோன் ஜெல் தகடும், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் உண்டு. அழகு நிலையத்தார் சொல்லும் 'ஊசி' இதுவாகவே இருந்தாலும், அதைப் போட வேண்டியவர் மருத்துவர். கருத்த தோலில் லேசரை அளவு தெரியாமல் பாய்ச்சினால் புதிதாகக் கருமை படியும், தீக்காயம்கூட ஆகலாம். எப்படிப் பார்த்தாலும், முழங்கையின் இழுப்பை எந்த ஊசியும் எந்த லேசரும் மூன்று தடவையில் விடுவிக்காது.

இங்கேதான் உங்கள் கொழுந்தனாரின் யோசனையும் இடிக்கிறது. எல்லைக்கு அப்பால் நல்ல மருத்துவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டியவர் அங்கே இருக்க, ஸ்பிளின்ட் தளர்ந்தால், ஒட்டின் ஓரம் பிரிந்தால், மாதம் தவறாமல் ஊசி போட வேண்டியிருந்தால், இங்கே யார் கதவைத் தட்டுவீர்கள்?

திருமணத் தேதியைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். இப்போது அறுவை செய்தால், தழும்பு மிகவும் தடித்து அரிக்கும் மாதங்களில் முகூர்த்தம் வந்து நிற்கும். மணவறையில் பார்ப்பவர்களுக்கு இப்போது இருப்பதைவிட மோசமாகத் தெரியலாம். அழகுக்காக என்றால் அறுவையைத் தள்ளிவையுங்கள், நீண்ட கை வைத்த ரவிக்கை போதும். கை நீண்டால் போதும், தோற்றம் எப்படி இருந்தாலும் சரி என்று அவள் சொன்னால், இப்போதே செய்யலாம். தள்ளிவைத்தால் குழந்தைப்பேற்றையும் கணக்கில் கொள்ளுங்கள், கர்ப்ப காலத்தில் இத்தகைய அறுவையைச் செய்ய மாட்டோம். ஆனால் உங்கள் கடிதத்தில் அவள் என்ன விரும்புகிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே, சகோதரி. சம்மதக் கடிதத்தில் கையொப்பம் இட வேண்டியவள் அவள். மாப்பிள்ளை வீட்டாரின் அபிப்பிராயம் அதற்குப் பிறகு வரட்டும்.

போக வேண்டிய வழி நேரானது. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தொடங்குங்கள். குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். மருத்துவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் 'தழும்பு' என்று மட்டும் இருந்தால் அழகுப் பிரச்சினையாக எண்ணிப் பின்னுக்குத் தள்ளிவிட வாய்ப்புண்டு. முழங்கை எத்தனை பாகை நீளாமல் நிற்கிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்புவார்கள். காத்திருக்க நேரும். தனியாரிடம் போவதானால், அவர் பெயர் தேசிய நிபுணர் மருத்துவர் பதிவேட்டில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து ஆண்டு மடங்கியே இருந்த மூட்டில் எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோலை விடுவித்தாலும் உள்ளே தசையும் நரம்பும் ரத்தக் குழாயும் குறுகிப்போயிருக்கலாம். அப்படியிருந்தால் ஒரே நாளில் முழுதாக நீட்டாமல், ஸ்பிளின்ட் மூலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீட்டுவார்கள். ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் முன்பே சோதித்து, இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள்.

அந்தப் பழைய தழும்பில் எங்காவது புண் வந்து, சில வாரங்களாகியும் ஆறாமல் இருந்தால், திருமணம், மருத்துவமனைக் காத்திருப்பு வரிசை, தேதி எதையும் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்பட்ட தீக்காயத் தழும்பில் அரிதாகப் புற்றுநோய் உண்டாவது உண்டு. சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.