மேற்கத்திய நாடுகளில் முஸ்லிம்களைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்? அங்கே வசிப்பவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்ல முடியுமா?

கேள்வி கேட்டவர், "தீவிரவாதத் தாக்குதல்கள் நடந்ததால் வந்த பயம்தானே, இதை வெறுப்பு என்று சொல்வது சரியா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். நான் இங்கிலாந்தில், லிவர்பூலில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி, இங்கே வந்து நாலாவது வருஷம். நான் முஸ்லிம் இல்லை. ஆனால் என் வார்டிலேயே வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, அதே திருநெல்வேலியின் மேலப்பாளையத்து முஸ்லிம் பெண். ஊரில் இருந்தவரை அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. இங்கே வந்துதான் அக்கா தங்கையாகப் பழகினோம். 2024 ஆகஸ்டில் நாங்கள் இரண்டு பேரும் பட்டதை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஜூலை 29, திங்கட்கிழமை. லிவர்பூலிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் இருக்கிற சவுத்போர்ட் என்கிற கடலோர ஊரில், நடன வகுப்புக்கு வந்திருந்த சின்னக் குழந்தைகளை ஒருவன் கத்தியால் குத்தினான். ஆறு, ஏழு, ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகள் மூன்று பேர் செத்துப் போனார்கள். குத்தியவனுக்கு வயது 17, ருவாண்டாவிலிருந்து வந்த பெற்றோருக்கு வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரில் பிறந்தவன். ஆனால் அவன் பெயர் வெளியே வரும் முன்பே, சில மணி நேரத்தில், அரபுப் பெயர் போல ஒன்றை யாரோ கட்டிவிட்டு, "படகில் வந்த அகதி, முஸ்லிம்" என்று சமூக வலைத்தளங்களில் பரப்பிவிட்டார்கள். அப்படி ஒரு பெயரில் ஆளே கிடையாது.

(அவனிடம் அல்-கொய்தாவின் பயிற்சிக் கையேடு ஒன்று இருந்ததைப் பிறகு காவல்துறை கண்டுபிடித்தது. அதற்கும் சேர்த்துத்தான் அவன்மேல் வழக்கு நடந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் நியாயமாக இருக்காது. ஆனால் ஒரு மதத்துக்காகவோ கொள்கைக்காகவோ அவன் அதைச் செய்தான் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மறுநாள் கல்லெடுத்தவர்களுக்கு இது எதுவும் தெரியவும் தெரியாது.)

மறுநாள் சாயங்காலம் அந்த ஊர் மக்கள் பூ வைத்து அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தபோது, இன்னொரு கூட்டம் அங்கிருந்த மசூதியைச் சூழ்ந்தது. அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களை இடித்துச் செங்கல்லை உருவி எறிந்தார்கள். போலீஸ் வேனைக் கொளுத்தினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களுக்குக் காயம். உள்ளே தொழுகைக்கு வந்தவர்கள் வெளியே வர வழியில்லாமல் கிடந்தார்கள்.

அதன்பிறகு ஊர் ஊராகப் பரவியது. சண்டர்லாந்தில் அவசர வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸுகள் இரண்டு பேரின் டாக்ஸி மேல் கல் விழுந்தது. முஸ்லிம்களைத் தேடிக் கிளம்பிய கூட்டம் அது. 2001 செப்டம்பர் 11-க்கு நாலு நாள் கழித்து அமெரிக்காவின் அரிசோனாவில் தன் பெட்ரோல் பங்க் வாசலில் பூச்செடி நட்டுக்கொண்டிருந்த பல்பீர் சிங் சோதியைச் சுட்டுக் கொன்றவனும் முஸ்லிமைத்தான் தேடி வந்தான். அவர் சீக்கியர், தலைப்பாகை கட்டியிருந்தார். "நாம் முஸ்லிம் இல்லையே, நமக்கென்ன" என்று இங்கே நினைத்துக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, கலவரம் லிவர்பூலுக்குள்ளேயே வந்தது. வால்டன் பகுதியில் நூலகத்துக்கே தீ வைத்தார்கள். எங்கள் வார்டு சிஸ்டர் எல்லாரையும் இரண்டிரண்டு பேராகப் போய்வரச் சொல்லியிருந்தார். எனக்கும் தோழிக்கும் அன்று நைட் டியூட்டி. அவள் வீட்டுக்கு நான் போனபோது கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுத்தாள், மடித்தாள், திரும்பப் போட்டாள், மறுபடியும் எடுத்தாள். "அக்கா, இன்னைக்கு மட்டும் கழட்டிட்டு, குல்லா வச்ச ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு வரவா? தப்பா?" என்றாள். நான் என்ன சொல்ல முடியும்? "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி வாம்மா" என்றேன். முக்காட்டின் மேலேயே ஸ்வெட்டர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆகஸ்ட் மாதத்தில், வேர்த்து விறுவிறுத்து வந்தாள். அவள் நர்ஸ். அன்று ராத்திரி அவள் கையால் ஊசி போட்டுக்கொண்ட பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட முஸ்லிம் கிடையாது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2005 ஜூலை 7-இல் லண்டனில் ரயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வைத்து 52 பேரைக் கொன்றார்கள். 2017 மே மாதம் மான்செஸ்டரில் பாட்டுக் கச்சேரி முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் நடுவே குண்டு வெடித்து 22 பேர் செத்தார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம் அது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் போய் "நீங்கள் பயப்படுவது தப்பு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தப் பயம் யாரைப் பார்த்து, எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. 2009-இல் சுவிட்சர்லாந்தில், இனிமேல் மசூதிகளுக்கு மினாரா, அதாவது தொழுகை அழைப்புக் கோபுரம், கட்டக் கூடாது என்று சட்டம் போட மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நாடு முழுக்க அப்போது இருந்தது நாலே நாலு மினாரா. 57.5 சதவீதம் பேர் தடை வேண்டும் என்று வாக்களித்தார்கள். வேண்டாம் என்று சொன்ன மாநிலங்களில் ஜெனீவாவும் பாசல் நகரமும் இருக்கின்றன, அதாவது முஸ்லிம்கள் நிறைய வசிக்கும் பெரிய நகரங்கள். முஸ்லிம்களைக் கண்ணால் பார்ப்பதே அரிதான மலைக் கிராமங்கள்தான் தடையை அள்ளிக் கொடுத்தன. இங்கே பிரிட்டனில் 2014-இல் ஒரு கருத்துக் கணிப்பில், நூறு பேரில் எத்தனை பேர் முஸ்லிம்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சராசரியாக 21 என்று பதில் வந்தது. அப்போது உண்மையில் இருந்தது ஐந்து பேர். இல்லாத பதினாறு பேரைக் கண்டும் பயப்படுகிறார்கள்.

பழகினால் சரியாகிவிடும் என்று உடனே சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதுவும் லிவர்பூலில் இருந்துகொண்டு அப்படி நினைப்பது சுலபம். இங்கிலாந்தின் முதல் மசூதிகளில் ஒன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. வில்லியம் குயிலியம் என்ற உள்ளூர் வக்கீல் இஸ்லாத்துக்கு மாறி, அப்துல்லா குயிலியம் ஆகி, 1889-இல் கிறிஸ்துமஸ் அன்று அதைத் திறந்தார். அன்றைக்கே ஊர் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டார். 2017-இல் எகிப்து கால்பந்து வீரர் முகமது சலா லிவர்பூல் அணிக்கு ஆட வந்தார். கோல் போட்டதும் மைதானத்திலேயே தொழுகையில் செய்வதுபோல நெற்றி தரையில் பட சுஜூது செய்வார். ரசிகர்கள் மசூதியை வைத்தே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அவர் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள், எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட 16 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வே வந்தது. லிவர்பூல் ரசிகர்கள் ட்விட்டரில் முஸ்லிம்களைத் திட்டுவதும் பாதியாகக் குறைந்ததாம். படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சவுத்போர்ட்டும் லிவர்பூல் இருக்கிற அதே மெர்சிசைட் வட்டாரம்தான். சலா வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

பழகியும் வெறுப்பு ஏன் போகவில்லை என்பதற்கு விடை எனக்கு வார்டிலேயே கிடைத்தது. அந்த வாரம் ஒரு பெரியவர், என் தோழி கையால் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, டிவியைக் காட்டி ஏதேதோ சொன்னார். கடைசியில் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "உன்னைச் சொல்லவில்லை கண்ணு, நீ வேற" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அவள் சிரித்துவிட்டு வந்து, மருந்து அறையில் ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றாள்.

"நீ வேற." வெறுப்பு இத்தனை காலம் உயிரோடு இருப்பது இந்தச் சொல்லால்தான் என்று நான் நினைக்கிறேன். தெரிந்த ஒவ்வொரு முஸ்லிமையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். சலா வேற, டாக்டர் வேற, மூலைக்கடைக்காரர் வேற, நர்ஸ் வேற. மிச்சம் இருப்பது, யாரும் நேரில் பார்த்தே இராத அந்தப் "பொதுவான முஸ்லிம்". அவனைப் பற்றி எந்தப் பொய்யைச் சொன்னாலும் நம்பலாம், ஏனென்றால் மறுத்துப் பேச அவன் வீடு பக்கத்தில் இல்லை. தேர்தல் நேரத்தில் பேசுகிறவர்களுக்கும் வலைத்தளத்தில் காசு பார்க்கிறவர்களுக்கும் அந்த முகமில்லாத ஆள்தான் வேண்டும்.

எங்கள் வீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன். டவுனில் தனக்குத் துணி தைத்துக் கொடுத்த பாயைப் பற்றி எங்கள் அம்மா, "அவர் நம்ம ஆளு மாதிரி, அந்த மாதிரி எல்லாம் இல்ல" என்பார். "எந்த மாதிரி?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. லிவர்பூல் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வாயில் அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை, லிவர்பூலில் அந்தக் குயிலியம் மசூதி முன்னாலும் எதிர்ப்புக் கோஷம் போட ஒரு சின்னக் கூட்டம் வந்தது. இமாம் ஆடம் கெல்விக் சாப்பாட்டோடு சாலையைக் கடந்து அவர்களிடமே போனார். சிலர் வாங்கிச் சாப்பிட்டுப் பேசினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சவுத்போர்ட்டில், கல்லெறிந்த மறுநாள் காலையிலேயே ஊர்க்காரர்கள் துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். கொத்தனார்கள் கரண்டியும் கலவையுமாக வந்து மசூதிச் சுவரை எடுத்துக் கட்டினார்கள், கூலி வாங்காமல்.

செப்டம்பரில் ஒரு லீவு நாளில் நானும் அவளும் சவுத்போர்ட் போய் அந்தச் சுவரைப் பார்த்தோம். அந்த ஒரு மாதமும் மேலப்பாளையத்திலிருந்து அவள் வாப்பா தினம் இரண்டு தடவை போன் போட்டு, "போதும்மா, வந்துரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். அவள் சுவரைக் கிட்டத்தில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினாள். ரயிலில் திரும்பும்போது வாய்ஸ் மெசேஜ் வந்தது. எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"தூக்குக்குண்டு விட்டுத்தான் கட்டியிருக்காங்கம்மா. வரிசை நேரா இருக்கு. நல்ல வேலைக்காரங்க. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு."

அன்றைக்கு அவர் வந்துவிடச் சொல்லவில்லை.