திருமண அழைப்பிதழ் எந்த மாதிரி அடிப்பது: பெட்டி கார்டா, வழக்கமான மஞ்சள் தடவிய பத்திரிகையா, வாட்ஸ்அப் மட்டும் போதுமா?

எங்கள் வீட்டில் இரண்டு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்திருக்கிறோம். 2022இல் எனக்கு, 2025 ஆவணியில் தம்பிக்கு. முதல் தடவை கார்டின் அழகைப் பார்த்து எடுத்தோம். இரண்டாவது தடவை அது யார் கைக்குப் போகப்போகிறது என்று பார்த்து எடுத்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: யார் யார் வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைக்குப் போவது அதற்கப்புறம்.

என் கல்யாணத்துக்கு நான்தான் பிடிவாதம் பிடித்து ஒரு பெட்டி கார்டு எடுத்தேன். அடர் மெரூன் நிறம், மேலே லேசரில் வெட்டிய மயில், உள்ளே மூன்று தாள், எல்லா எழுத்தும் தங்க ஃபாயில். ஒன்று 85 ரூபாய். கட்டு வந்து இறங்கிய அன்று சாயங்காலம் அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூலையில் விரலை வைத்தால் மஞ்சள் வழுக்கிக்கொண்டு போகிறது. மேலே லேமினேஷன் பூச்சு. ஒட்டிய இடத்திலும் அந்த மெரூன் மேல் அழுக்குப் பட்ட மாதிரிதான் தெரிந்தது, காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது. எங்கள் பக்கம் மஞ்சள் இல்லாத கார்டு கருமாதிக்குத்தான் போகும். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்தாளை எடுத்து, அதன் நாலு மூலையிலும் தடவி, காயவைத்து, திரும்பச் செருகினார். 300 கார்டு, இரண்டு ராத்திரி.

குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டு, அடுத்ததாகத் தாய்மாமா வீட்டுக்குப் போனோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வைத்துக் கொடுத்ததும் மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கார்டை டியூப்லைட் பக்கம் இப்படியும் அப்படியுமாகச் சாய்த்தார். வெளிச்சம் பட்டால் ஃபாயில் எழுத்து பளபளக்கிறது, படாவிட்டால் இருட்டில் மறைகிறது. கடைசியில், “முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு போட்டிருக்கு தாயி?” என்று என்னிடமே கேட்டார். அவர் பேரும் அதில்தான் இருந்தது, தேடிக் காட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

தம்பி கல்யாணத்துக்கு அதனால் முதலில் தாளைத்தான் பார்த்தோம். எங்களுக்கு சிவகாசி பக்கம், சென்னையில் இருப்பவர்களுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு. எங்கே போனாலும் கடைக்காரர் ஆல்பம் ஆல்பமாக எடுத்துப் போடுவார். சாம்பிள் ஒன்று வாங்கி வந்து வீட்டில் மஞ்சள் தடவிப் பாருங்கள், வயதானவர் ஒருவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டிலும் தேறினால் எடுக்கலாம். நாங்கள் எடுத்தது பூச்சு இல்லாத சந்தன நிறத் தாள், 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு). பிள்ளையாரும் மணமக்கள் பேரும் மட்டும் ஃபாயில், மற்ற எல்லாம் அரக்கு நிற மையில் நல்ல தடித்த எழுத்து. கார்டு 18 ரூபாய். மஞ்சள் தொட்ட உடனே தாளில் ஊறி நின்றது. கனமும் இல்லை. பெரியப்பா ஒரே பையில் நூறு கார்டு போட்டுக்கொண்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் வைத்துவிட்டு வந்தார். பெட்டி கார்டு என்றால் அந்தப் பையில் இருபது கொள்ளாது.

வாசகம்தான் கார்டைவிடப் பெரிய வேலை. அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். யார் பேர் எந்த வரிசையில், தாய்மாமன் பேர் எங்கே, மறைந்த தாத்தா பாட்டி பேர் வேண்டுமா என்பதையெல்லாம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, ஒரே தாளில் எழுதி முடித்த பிறகு கடைக்குக் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு சித்தப்பா பேர் விட்டுப்போய், அவர் மண்டபத்துக்கே வரவில்லை.

நீங்கள் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் (போனில் வழக்கமாக டைப் செய்யும் எழுத்தில்) அனுப்புவதைப் பல அச்சகங்களில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், அல்லது திரும்ப டைப் செய்வார்கள். புள்ளி போவதும் கொம்பு இடம் மாறுவதும் அங்கேதான். என் கார்டில் ஊர்ப் பேரிலேயே ஒரு புள்ளி காணாமல் போயிருந்தது, அடித்த பிறகுதான் பார்த்தோம். அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் மாதிரியை, அதாவது புரூப்பை, போன் திரையில் பார்த்து ‘ஓகே’ போடாதீர்கள். பிரிண்ட் எடுத்து, அதை எழுதாத ஒருவரை விட்டு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் காலண்டரில் வைத்துச் சரிபாருங்கள். தம்பி கல்யாணம் விசுவாவசு ஆண்டு ஆவணி 12, 28.08.2025, வியாழன். சித்திரை பிறந்தால் ஆண்டின் பேரே மாறிவிடும், ஏப்ரலில் கல்யாணம் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம் என்றால், ‘சனிக்கிழமை இரவு விடிந்தால் ஞாயிறு’ என்று போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்கள் ஞாயிறு ராத்திரி வந்து நிற்பார்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாக அழைப்பிதழையும் கேட்பார்கள். அதனால் ஆதாரிலும் சான்றிதழிலும் இருக்கிற பேரே பத்திரிகையிலும் இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பேரைப் போட ஆசையாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து கார்டு பத்திரமாக எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப் மட்டும் போதுமா? ஆபீஸ் நண்பர்கள், கூடப் படித்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் போதும். ஆனால் அச்சடித்த கார்டை போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், ஒன்றும் தெரியாது. பேர், தேதி, நேரம், மண்டபம், மேப் லிங்க் மட்டும் வைத்து, நெடுக்குவாக்கில் ஒரே படமாகத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். நேரில் போக வேண்டிய வீட்டுக்கு மட்டும் போனில் அனுப்பி முடித்துவிடாதீர்கள். வாசல் ஏறி, ‘குடும்பத்தோட முதல் நாளே வந்துடணும்’ என்று சொல்லிக் கொடுக்கும்போதுதான் எங்கள் ஊரில் அழைத்ததாகவே கணக்கு.

சடங்கில்லாமல் சுயமரியாதைத் திருமணம் என்றால் பத்திரிகை இன்னும் அழகாக அமையும் என்பேன். தம்பியின் நண்பன் ஒருவன் ‘வாழ்க்கைத் துணைநல ஏற்பு விழா’ என்று தலைப்பிட்டு, குறள் ஒன்று, தலைமை தாங்குபவர் பேர், நேரம், இடம் என்று ஒரே பக்கத்தில் முடித்திருந்தான். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தால் அந்தத் திருமணங்களுக்குச் சட்டத்தில் முழு இடம் உண்டு. ‘பெரியவர்கள் என்ன நினைப்பார்களோ’ என்று நடுவில் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்ட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு சொல். வீட்டில் இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் ‘திருவளர்செல்வி’ அல்லது ‘திருவளர்செல்வன்’, அதுதான் கடைசிக் கல்யாணம் என்றால் ‘திருநிறைசெல்வி’ அல்லது ‘திருநிறைசெல்வன்’ என்று போடுவது வழக்கம். வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ச்’ வராது. அச்சகத்தில் போட்டுத்தான் தருவார்கள், எடுக்கச் சொல்லுங்கள். என் பத்திரிகையில் ‘திருவளர்’. தம்பியின் புரூப் வந்ததும் அம்மா முதலில் தேடியது அந்த வரியைத்தான். ‘நிறை’ என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, “இத்தோட நம்ம வீட்ல முடிஞ்சுதுல்ல” என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். அதற்கப்புறம்தான் அச்சுக்கு அனுப்பினோம்.